தெரிந்த பாட்டுகள் பதினொன்று

பாட்டு விளையாட்டு வாங்குகிறவர்கள் படம் பளபளவென்று இருக்கிறதா, கூட எத்தனை பேர் சேர்ந்து ஆடலாம், எத்தனை படி ஏறினால் என்ன கிடைக்கும் என்றெல்லாம் விசாரிப்பார்கள். எனக்கு அதெல்லாம் வேண்டாம். பாட்டுப் பட்டியலைக் காட்டு என்பேன். ஓட்டலில் என்ன இருக்கிறது என்று கேட்டு, சர்வர் மூச்சு வாங்க முப்பது அயிட்டம் சொல்லி முடித்த பிறகு இரண்டு இட்லி கேட்கிற ஆள் நான். விளையாட்டிலும் அப்படித்தான். இருநூறு பாட்டு இருந்தாலும் எனக்குத் தெரிந்த நாலு பாட்டு இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுவேன். இருந்தால் எடுத்துக்கொள்வேன். இல்லாவிட்டால், இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு நடையைக் கட்டுவேன்.

ரசனைக்காரன் என்று நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். விஷயம் வேறு. என் காது போய்க்கொண்டிருந்தது. தெரிந்த பாட்டு என்றால் காது இல்லாமலும் சமாளிக்கலாம். தெரியாத பாட்டு வந்தால் மாட்டிக்கொள்வேன். ரசனைக்கும் திருட்டுத்தனத்துக்கும் வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது.

விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பாட்டு ஓடும். திரையின் மேலேயிருந்து வண்ணக் கட்டைகள் தாளத்துக்குத் தகுந்தபடி விழும். கீழே ஒரு கோடு. கட்டை கோட்டைத் தொடுகிற நேரத்தில் விரலால் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் கூட்டம் கைதட்டும். தவறினால் பாட்டு அந்த இடத்தில் நொண்டும். இவ்வளவுதான். என் மனைவியின் தங்கை பிள்ளைகள் லீவுக்கு ஆமத்தூருக்கு வந்தபோது அவர்களை ஓரிடத்தில் உட்கார வைப்பதற்காக ஒரு பழைய டேப்லெட்டில் இதைப் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் மூன்றாம் நாள் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தேழு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டம் எனக்குக் கைதட்டியது. அது டேப்லெட்டுக்குள் இருக்கிற கூட்டம் என்பதெல்லாம் சின்ன விஷயம்.

நான் சிவகாசியில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறவன். இருபத்தைந்து வருஷம். முருகன், லட்சுமி, குழந்தை, இயற்கைக் காட்சி என்று நீங்கள் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் ஏதோ ஒன்று என் கையைத் தாண்டித்தான் வந்திருக்கும். ஆடிப் பதினெட்டுக்குப் புது வருஷக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியே வந்துவிட்டால் பிறகு தை வரைக்கும் மெஷினை நிறுத்துவது கிடையாது. மெஷின் ரூமுக்குள் யாரும் பேச மாட்டார்கள். பேசினாலும் கேட்காது. கையை இரண்டு தடவை திருப்பினால் மஞ்சள் அதிகம், நெற்றியைத் தொட்டால் முதலாளி வருகிறார், கட்டைவிரலை வாயில் வைத்தால் டீ. மிச்சத்தை உதட்டைப் பார்த்துப் படித்துக்கொள்வோம். ஒரு ஆள் காதை மறைக்க வேண்டுமென்றால் உலகத்திலேயே நல்ல இடம் எங்கள் மெஷின் ரூம்தான். அங்கே எல்லோருமே பகலில் செவிடர்கள். சாயங்காலம் வெளியே வந்ததும் மற்றவர்களுக்குக் காது திரும்பி வந்துவிடும். எனக்கு வர நேரமாகத் தொடங்கியது. முதலில் அரை மணி. பிறகு டீக்கடை தாண்டி. பிறகு பஸ் ஆமத்தூரில் நிற்கிற வரைக்கும்.

அப்போதே டாக்டரிடம் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் காதுக்கு ஒரு பரிசோதனை இருக்கிறது. காசு கிடையாது, சீட்டு கிடையாது. சுற்றிலும் பட்டாசு ஆலைகள். சாயங்காலம் ஆனால் எந்தப் பொட்டலிலாவது சரக்கு எப்படி வந்திருக்கிறது என்று நாலு வெடி போட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் காது இருக்கிறது என்று அர்த்தம். கேட்காவிட்டால்தான் செவிடு. என் அப்பாவும் அப்படித்தான் பார்த்தார், அவரோடு வேலை செய்தவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். நான் தினமும் வாசலில் நின்று பார்ப்பேன். டமார். கேட்கிறது. இன்னொரு டமார். அதுவும் கேட்கிறது. பிறகென்ன? மனைவி கொல்லையிலிருந்து ஏழு தடவை கூப்பிட்டது கேட்கவில்லை என்றால் அது அவள் குரலின் கோளாறு. குக்கர் விசில் கேட்கவில்லை என்றால் அது குக்கரின் கோளாறு. இப்படி வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பொருளையும் நான் குற்றவாளி ஆக்கிக்கொண்டே வந்தேன்.

அந்த வரிசையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் உள் அறையில் கட்டிலில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். பழைய பாட்டு. கல்யாணப் பாட்டு. நாதஸ்வரத்தில் தொடங்கி, தவில் ஏறி, பிறகு பெண் குரல் வரும். என் கல்யாணத்திலேயே மூன்று தடவை போட்டார்கள். ஒரு கட்டை விடாமல் தட்டி முடித்தேன். நூற்றுக்கு நூறு. தலையை ஆட்டி, கண்ணை மூடி, கையைத் தூக்கி ரசித்துக்கொண்டிருக்கும்போது வாசற்படியில் நனைந்த கையோடு மனைவி நின்றாள். அந்தக் கையில் பாட்டு கேட்கிற ஸ்பீக்கர் இருந்தது. வயர் இல்லாத ஸ்பீக்கர். டேப்லெட்டின் சத்தமெல்லாம் அதற்குள்தான் போகும்.

"என்னங்க இது? பாட்டு அங்கன கொல்லையில என் கூடத் துணி துவைச்சுட்டு இருக்கு. நீங்க இங்கன தலையாட்டிட்டு இருக்கீக?"

அரை மணி நேரமாக ஸ்பீக்கர் துவைக்கிற கல்லின்மேல் இருந்திருக்கிறது. இடையில் இரண்டு கதவு, ஒரு தண்ணீர் மோட்டார்.

"சும்மா, கண்ணுக்குப் பயிற்சி" என்றேன்.

"கண்ணுக்குப் பயிற்சின்னா கண்ணை ஏன் மூடுனீக?"

இவளைக் கல்யாணம் செய்துகொண்டபோது இவ்வளவு கூர்மையானவள் என்று யாரும் என்னை எச்சரிக்கவில்லை. வாய்க்கு வந்த எதையோ சொல்லிச் சிரித்து அனுப்பினேன். அவள் போன பிறகு டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பாட்டு எனக்குக் கேட்கவில்லை என்றால் அது ஒரு கணக்கு. ஆனால் எனக்குக் கேட்டது. நாதஸ்வரம் கேட்டது, தவில் கேட்டது, அந்தப் பெண் குரல் மேலே ஏறுகிற இடத்தில் உடம்பு சிலிர்த்தது. என் பயமே அதுதான். அப்படியானால் இத்தனை மாதமாக நான் கேட்டதெல்லாம் எங்கேயிருந்து வந்தது?

அடுத்த ஞாயிறு விருதுநகருக்குப் பஸ் ஏறினேன். பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய போன், டேப்லெட், விளையாட்டு எல்லாம் விற்கிற ஒரு பாய் இருக்கிறார். அவருடைய அத்தா பருப்பு வியாபாரம். இவர் பருப்பை விட்டுவிட்டு பாட்டரிக்கு வந்தவர். புதிதாக ஏதாவது விளையாட்டு வந்தால், அதில் இருக்கிற பாட்டையெல்லாம் எனக்காக ஒரு நோட்டில் எழுதி வைப்பார். அவருக்கும் என்னை ரசனைக்காரன் என்றுதான் நினைப்பு.

"வாங்கண்ணே. சாப்பிட்டீகளா? இந்தத் தடவை கொரியாப் பாட்டு இருக்கு, பிரமாதம்."

"பாய், எனக்கு ஒரு சந்தேகம். கட்டை விழாம ஆடுற விளையாட்டு இருக்கா? கண்ணால பாக்காம, காதாலயே கேட்டு ஆடுற மாதிரி?"

பாய் கொஞ்சம் யோசித்து ஒரு விளையாட்டை எடுத்தார். அதில் முதல் சில நொடிகளுக்குக் கட்டைகள் விழும். பிறகு திரை கறுப்பாகிவிடும். பாட்டை மட்டும் கேட்டுத் தட்டிக்கொண்டே போக வேண்டும். பட்டியலைக் கேட்டேன். நோட்டை நீட்டினார். யாரோ ஒரு புண்ணியவான் தமிழ்ப் பாட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தான். விரல் வைத்து எண்ணினேன். எனக்குத் தெரிந்தவை பதினொன்று.

கல்யாணப் பாட்டைப் போடச் சொன்னேன். கட்டைகள் விழுந்தன. திரை கறுத்தது. நான் தட்டினேன். முடிவில் தொண்ணூற்றாறு என்று வந்தது. பக்கத்தில் போனுக்குக் கண்ணாடி மாற்ற வந்திருந்தவர்கூட எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. கண் இல்லாமல் ஆடியிருக்கிறேன். அப்படியானால் காதுதானே ஆடியது? டாக்டர் செலவு மிச்சம். குக்கரை மாற்றினால் போதும்.

"அண்ணே, தெரிஞ்ச பாட்டுல யாரும் பாசாயிருவாக. புதுசா ஒண்ணு போடவா? இந்த மாசம்தான் வந்துச்சு. புல்லாங்குழல்லயே போவும்."

வேண்டாம் என்று வாய்வரை வந்தது. பக்கத்தில் கண்ணாடிக்காரர் வேறு நின்றுகொண்டிருந்தார். நாலு பேருக்கு முன்னால் பெருமைப்பட்டவன் நாலு நிமிஷத்துக்காவது அதைக் காப்பாற்ற வேண்டாமா? "போடுங்க" என்றேன்.

கட்டைகள் விழுந்து நின்றன. திரை கறுத்தது. நான் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அடியில் எங்கேயோ தும், தும் என்று ஒன்று. மேலே ஒன்றுமில்லை. பாட்டு இன்னும் தொடங்கவில்லை போல என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் பாய் கண்ணைப் பாதி மூடி ரசித்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல்கள் மேசைக் கண்ணாடியில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தன.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மெஷின் ரூம் புத்தி. அவருடைய விரலைப் பார்த்துத் தட்டத் தொடங்கினேன். அவர் தட்டினால் நான் தட்டுவேன், நிறுத்தினால் நிறுத்துவேன். பரீட்சையில் பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்ப்பதில்கூட ஒரு மரியாதை உண்டு, அவனுக்கு விடை தெரியும் என்று நம்புகிறோம். நான் பார்த்தது ஒரு மனிதன் தனக்காகத் தட்டிக்கொண்டிருந்த தாளத்தை. கொஞ்ச நேரத்தில் பாய் கண்ணைத் திறந்தார். என் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். பிறகு, ஏதோ சாவியைத் தேடுகிறவர் மாதிரி, கையை மேசைக்கு அடியில் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் தட்டவில்லை. திரையில் ஏழோ எட்டோ வந்தது. கூட்டம் ஊளையிட்டிருக்கும். எனக்கு அதுவும் கேட்கவில்லை.

பாய் முதலில் கண்ணாடிக்காரருக்குப் போனைக் கொடுத்து அனுப்பினார். டீ வந்தது. கிளாசை என் பக்கம் தள்ளிவிட்டு, என் முகத்துக்கு நேரே குனிந்து, உதட்டை நன்றாக அசைத்துக் கேட்டார்.

"எம்புட்டு நாளாண்ணே?"

"எது? டீ குடிக்கிறதா?"

"அண்ணே."

"வெடி கேட்குது பாய். நேத்துக்கூட ஆமத்தூர்ல போட்டாங்க. நல்லா கேட்டுச்சு."

"வெடி எங்க வீட்டு ஆட்டுக்குட்டிக்கும் கேட்குதுண்ணே. போய் ஒருக்கா காட்டுங்க."

அந்த விளையாட்டை என் டேப்லெட்டில் ஏற்றி, அதன் பட்டியலில் என் பதினொரு பாட்டுக்கும் டிக் போட்டு மேலே வரும்படி வைத்துக் கொடுத்தார். எப்போதும் வாசல் வரை சிரித்துக்கொண்டே வருவார். அன்றைக்கு வரவில்லை.

மதுரையில் காது டாக்டரிடம் மனைவியும் வந்தாள். அவள் சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை செய்கிறாள். காலையில் வேன் வந்தால் ஏறி சாயங்காலம்தான் இறங்குவாள். எனக்காக ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை. அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அதுவே எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

பெட்டி மாதிரி ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்துக் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பட்டனை அழுத்துகிறாள். அவள் தோள் அசைவதை நான் கண்டுபிடித்துவிட்டேன். தோள் அசைந்தால் விரல் தூக்கினேன். பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தது. பத்து விரல் தூக்கியிருப்பேன். பிறகு என் மனைவி அந்தப் பெண்ணிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. அந்தப் பெண் எழுந்து வந்து என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள்.

சுவர் வெள்ளையாக இருந்தது. மடியில் வைத்த கையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் ஒரு காகிதத்தைக் காட்டினார். அதில் ஒரு கோடு கொஞ்ச தூரம் நேரே போய் சட்டென்று கீழே விழுந்தது. சின்ன வயதில் பாட்டிலில் வைத்துப் பற்ற வைத்த ராக்கெட் மேலே போகாமல் வளைந்து அடுத்த வீட்டுக்குள் போகுமே, அதே கோடு. மேல் ஸ்தாயி முழுக்கப் போய்விட்டது என்றார். புல்லாங்குழல், ஜால்ரா, பெண் குரலில் பாதி. மிச்சமும் போய்க்கொண்டிருக்கிறது, எவ்வளவு வேகத்தில் என்று சொல்ல முடியாது, போனது திரும்பாது.

"வெடிச் சத்தமெல்லாம் நல்லா கேட்குதுங்க டாக்டர்" என்றேன். கடைசி முயற்சி.

"உங்க ஊர்க்காரங்க எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. வெடி முழுச் செவிடனுக்கும் கேட்கும். நெஞ்சுல அடிக்குதுல்ல? இருபது வருஷமா நெஞ்சைச் சோதிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க."

நல்ல நகைச்சுவை. நான் சொல்லியிருக்க வேண்டியது. வேறு ஒருவர் சொல்லிவிட்டார், அதுவும் என்னைப் பற்றி. என் மனைவி சிரிக்கவில்லை. பையில் இருந்த டோக்கனை மடித்து, விரித்து, மறுபடியும் மடித்தாள்.

காதுக்கு மெஷின் கொடுத்தார்கள். பேச்சுக்கு உதவும், பாட்டுக்குப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். உண்மைதான். குக்கர் என்மேல் பாய்ந்தது. செய்தித்தாளைப் புரட்டினால் தகரக் கூரையில் ஆடு ஓடுகிறது. கல்யாணப் பாட்டைப் போட்டுக் கேட்டேன். நாதஸ்வரம் எண்ணெய் டின்னுக்குள் விழுந்த குளவி மாதிரி இரைந்தது. அந்தப் பெண் குரல் ஏறுகிற இடத்தில் ஏதோ கீறியது. கழற்றி டப்பாவில் வைத்துவிட்டேன். பேச்சு வேண்டுமென்றால் மாட்டுவேன், பாட்டு வேண்டுமென்றால் கழற்றுவேன் என்று ஒரு ஏற்பாடு. மெஷின் ரூமுக்குக் காதில் சத்தம் புகாத அடைப்பான் வைத்துக்கொண்டு போனேன். கூட வேலை செய்கிறவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு என் காதைக் காட்டி, பிறகு கையை விரித்தார். இனிமேல் அடைத்து எதைக் காப்பாற்றப் போகிறாய் என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லோருக்குமே தெரிந்திருக்கிறது. நான்தான் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, காது போகட்டும், தலைக்குள் பாட்டு இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பதினொன்று இருக்கிறது. அதைத்தான் துவைக்கிற கல்லில் ஸ்பீக்கர் இருந்தபோதும் கேட்டேன். அதை எந்த டாக்டரும் கோடு போட்டுக் கீழே இறக்க முடியாது. தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் அந்தக் கறுப்புத் திரை விளையாட்டில் பதினொன்றையும் ஒரு சுற்று ஆடிவிடுவேன். அரிசியைக் காயப் போட்டுப் பூச்சி இல்லாமல் வைத்துக்கொள்கிற மாதிரி.

கல்யாணப் பாட்டு தொண்ணூற்றாறிலிருந்து தொண்ணூறுக்கு வந்தது. பிறகு எண்பது. பிறகு ஒரு நாள் ஐம்பத்திரண்டு. எப்போதும் ஒரே இடத்தில். முதல் சரணம் முடிந்து நாதஸ்வரமும் தவிலும் மட்டும் போகுமே, அந்த இடம். அதைத் தாண்டி நான் தட்டுகிற எல்லாமே பிந்தியது. எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. பாய்க்குப் போன் போட்டு, காது மெஷினை மாட்டிக்கொண்டு, சண்டைக்குப் போனேன்.

"பாய், உங்க விளையாட்டுல பாட்டை வெட்டி வச்சிருக்கானுக. நடுவுல தவில் வர்ற இடம் பாதிதான் இருக்கு."

"முதல்ல தொண்ணூத்தாறு வாங்குனீகளேண்ணே. அப்ப வெட்டலையா?"

"இப்ப வெட்டிட்டான். அப்டேட்ல."

"இருக்கும்ண்ணே" என்றார் பாய். அவர் என்னோடு சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் மனைவி வேனை விட்டு இறங்கி முகம் கழுவிவிட்டு வந்ததும் அவளை உட்கார வைத்தேன். ஒரு வேலை செய். போனில் அசல் பாட்டு இருக்கிறது. சரணம் முடிந்ததும் கடிகாரத்தைப் பார். மறுபடி பாடத் தொடங்குகிற வரைக்கும் எத்தனை நொடி என்று எண்ணிச் சொல்.

"இது என்ன கூத்து?" என்றாள். ஆனால் எண்ணினாள். கடிகாரத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்து, உதட்டுக்குள் முணுமுணுத்து, "இருபத்தொண்ணு" என்றாள்.

"இன்னொருக்கா."

"இருபத்தொண்ணுதான். பாட்டு நீளுமா பின்ன?"

"இப்ப போனை அமத்து. நான் தலைக்குள்ள ஓட்டுறேன். சரணம் முடிஞ்சதும் கையைத் தூக்குவேன். குரல் வந்ததும் இறக்குவேன். எண்ணு."

கண்ணை மூடினேன். பாட்டு வந்தது. சுத்தமாக வந்தது, ஒரு தூசி இல்லாமல். சரணம் முடிந்தது, கையைத் தூக்கினேன். நாதஸ்வரம் ஒரு சுற்று, தவில் அதற்குப் பதில், மறுபடியும் நாதஸ்வரம், கல்யாண வீட்டில் வாழைமரம் கட்டிய வாசல்வரை போய்த் திரும்பி வருகிற மாதிரி ஒரு இழுப்பு, பிறகு குரல். கையை இறக்கிக் கண்ணைத் திறந்தேன். அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டு?"

ஈரம் காயாத முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"ஏய், எம்புட்டு?"

"நாப்பது" என்றாள்.

பத்தொன்பது நொடி. அந்தப் பத்தொன்பது நொடி எந்தப் பாட்டிலும் இல்லை. யாரும் வாசிக்கவில்லை, யாரும் பதிவு செய்யவில்லை. நானே உட்கார்ந்து சேர்த்திருக்கிறேன். எப்போது சேர்த்தேன் என்றும் தெரியவில்லை. போன மாதம் இல்லை, இந்த மாதம் இருக்கிறது. அடுத்த மாதம் குரலும் மாறும். சரணம் மாறும். அசலைக் கேட்டுத் திருத்திக்கொள்ள எனக்கு வழி கிடையாது. பதினொன்றையும் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். உள்ளே அது தன்பாட்டுக்கு வேறு ஏதோவாக ஆகிக்கொண்டிருக்கிறது.

"எனக்கு மியூசிக் டைரக்டர் வேலை கிடைச்சிரும் போல" என்றேன். அவள் எழுந்து உலை வைக்கப் போனாள். என் நகைச்சுவைக்கு இருபது வருஷத்தில் அவள் கொடுத்த பதில்களிலேயே அதுதான் மோசமானது.

சில நாள் டேப்லெட்டைத் தொடவில்லை. ஆடினால்தானே தப்பு தெரியும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே அதை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் காது மெஷினை மாட்டப் போனேன். வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். முகத்துக்கு நேரே வந்து சொன்னாள்.

"எங்க வேன்ல இப்ப ஒரு பாட்டு போடுறாக. காலையிலயும் அதான், சாயங்காலமும் அதான். அம்புட்டு பேரும் கூடச் சேர்ந்து பாடுறாளுக. அது இதுல இருக்கு. நான் பாத்துட்டேன்."

"எனக்குத் தெரியாத பாட்டு."

"அதான் நான் தட்டிக் காட்டுறேன்ல."

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். என் மனைவிக்குத் தாளம் வராது. வராது என்றால் கொஞ்சம் முன்னே பின்னே என்பதல்ல. கும்மியில் இவள் சேர்ந்தால் கும்மி நின்றுவிடும். வேனில் பெண்கள் கைதட்டிப் பாடும்போது, நீ மட்டும் தட்டாதக்கா, வண்டி குடை சாஞ்சிரும் என்று சொல்லி இவள் கையில் எல்லோருடைய டிபன் தூக்குகளையும் கொடுத்துவிடுவார்களாம். அவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

பாட்டைப் போட்டாள். கட்டைகள் விழுந்தன. திரை கறுத்தது. அவள் என் முதுகில் தட்டத் தொடங்கினாள். சரவெடிக்குத் திரி பின்னிக் காய்த்த விரல்கள். தட், தட். பிறகு ஒரு நீண்ட இடைவெளி. பிறகு நினைத்துக்கொண்ட மாதிரி நாலு சேர்ந்தாற்போல. எனக்குக் கேட்கிற அந்தத் தும், தும் ஒரு பக்கம் போக, அவள் விரல் இன்னொரு பக்கம் போயிற்று. தப்பு என்று என் உடம்புக்குத் தெரிந்தது. இருபத்தைந்து வருஷம் மெஷின் ஓட்டியவன் உடம்பு. அடிச்சத்தத்தை வைத்து ஓரளவாவது தட்டியிருக்கலாம். முப்பது, நாற்பது வாங்கியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் அகலமாகத் திறந்து பாடிக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உதட்டைப் படித்தேன், ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. பாட்டு எப்படி இருக்கும் என்று எனக்கு எந்த உருவமும் கிடைக்கவில்லை. அவள் தட்டியபடியே தட்டினேன்.

மூன்று மதிப்பெண் வந்தது. நூற்றுக்கு.

"நல்லாருக்குல்ல பாட்டு?" என்று கேட்டாள்.

"நல்லாருக்கு" என்றேன்.

"இன்னொண்ணு போடவா?"

பட்டியலைத் திறந்தாள். என் பதினொன்றும் மேலே, பாய் டிக் போட்டு வைத்த வரிசையில் இருந்தன. கல்யாணப் பாட்டு முதலில். அவளுடைய விரல் அதில் நிற்குமென்று நினைத்தேன். நிற்கவில்லை. அதைத் தாண்டி, இரண்டாவதைத் தாண்டி, பதினொன்றையும் தாண்டி, நான் கேட்டேயிராத பெயர்களுக்குள் கீழே, இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது.